சாலைப் பள்ளத்தை மூட வேண்டியவர் யார்?

சாலையில் ஒரு பள்ளம் விழுகிறது. அதில் வண்டி இறங்கி அச்சு முறிகிறது. அல்லது ஒருவர் விழுந்து கால் முறிகிறது. அந்தப் பள்ளத்தை மூடியிருக்க வேண்டியவர் யார்? மூடாததற்குப் பொறுப்பு யாருடையது? மிக எளிதாகத் தோன்றும் இக்கேள்விகளுக்கு இங்கிலாந்து நாடு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலின் கதையில் சட்டமும் உண்டு, விஞ்ஞானமும் உண்டு.

ஊரார் கையில் மண்வெட்டி

1555-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பாரிஷ் எனப்பட்ட ஒவ்வோர் ஊர் வட்டமும் தன் எல்லைக்குட்பட்ட சாலைகளைத் தானே செப்பனிட வேண்டும். ஆண்டுக்கு நான்கு நாட்கள் ஊரார் கூலியின்றி உழைக்க வேண்டும். வசதி படைத்தவர் வண்டியும் மாடும் குதிரையும் அனுப்ப வேண்டும். 1563-இல் இது ஆறு நாட்களாக உயர்த்தப்பட்டது. வேலையை மேற்பார்வையிட ஊராரிலேயே ஒருவரை நியமித்தார்கள். அவருக்குச் சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

விளைவை ஊகிப்பது கடினமன்று. வெளியூர் வணிகரின் கனமான வண்டிகள் சாலையைக் கெடுத்தன. அவ்வழியே என்றும் பயணம் செய்யாத குடியானவர் அதை மூட வேண்டியிருந்தது. அவர் கூடை மண்ணைக் குழியில் கொட்டிவிட்டு வீடு திரும்பினார். அடுத்த மழையில் மண் கரைந்தது.

சுங்கச்சாவடி ஏலம்

சாலையைப் பயன்படுத்துவோரே செலவை ஏற்கட்டும் என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. 1663-இல் லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையின் ஒரு பகுதியில் சுங்கம் வசூலிக்கப் பாராளுமன்றம் அனுமதி அளித்தது. பிறகு சாலைதோறும் அறங்காவலர் குழுக்கள் தோன்றின. 1830-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் சுமார் 32,000 கிலோமீட்டர் சாலைகளைக் கவனித்து வந்தன.

இக்குழுக்களில் பல, சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விட்டன. ஏலம் எடுத்தவர் குழுவுக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சியதைத் தாம் வைத்துக்கொண்டார். வசூல் பெருகினால் அவருக்கு லாபம். சாலை நன்றாக இருக்கிறதா என்பது அவர் கவலையன்று.

தராசு ஏந்திய மேற்பார்வையாளர்

இந்த நிலையில் வந்தவர்தான் ஸ்காட்லாந்தில் 1756-இல் பிறந்த ஜான் லௌடன் மெக்கடம். 1816-இல் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் மேற்பார்வையாளரானார். அவருடைய கொள்கை எளியது. வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது அடியிலுள்ள மண்தான். மண் உலர்ந்திருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும், நனைந்தால் குழைந்துவிடும். ஆகவே சாலையின் முதல் வேலை, மண்ணுக்குக் கூரையாக இருப்பது. சாலையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்தி, நீர் வடிய வழி செய்து, கூர்மையான விளிம்புகள் கொண்ட சிறு ஜல்லியைப் பரப்பினால், வண்டிச் சக்கரங்களே அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிவிடும் என்றார் அவர்.

எந்தக் கல்லும் ஆறு அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. அதைச் சோதிக்க மேற்பார்வையாளர் கையில் ஒரு தராசு இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது அவருடைய மற்றொரு கோரிக்கை: சாலையை அறிந்த, பயிற்சி பெற்ற, முழுநேரச் சம்பளம் பெறும் மேற்பார்வையாளர் வேண்டும் என்பது. வேலை செய்பவர் ஒருவர், அளந்து பார்ப்பவர் மற்றொருவர். இன்றைய ஒப்பந்த முறைக்கு அடிப்படையான கருத்து இதுவே எனலாம்.

1835-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பை ஒழித்தது. இரயில் வந்தபின் சுங்கக் குழுக்கள் நலிந்தன. 1888-க்குப் பிறகு முக்கியச் சாலைகள் மாவட்ட மன்றங்களின் பொறுப்புக்கு வந்தன.

ஒன்றும் செய்யாதவர் தப்பினார்

இதற்கிடையே சட்டத்தில் ஒரு விந்தை நிலவி வந்தது. 1788-இல் டெவன் மாவட்டத்தில் பழுதடைந்த பாலம் ஒன்றினால் ஒருவரது வண்டி சேதமடைந்தது. அவர் மாவட்ட மக்கள் மீதே வழக்குத் தொடர்ந்தார். ஈடு கொடுக்க மாவட்டத்திடம் பொது நிதி இல்லை என்றும், பொதுமக்கள் தொல்லைப்படுவதைவிடத் தனி ஒருவர் நட்டப்படுவதே மேல் என்றும் கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

அதன்பின் இப்படி ஒரு விதி நிலைபெற்றது: பள்ளத்தை மூடாமலே விட்டால் மன்றத்தின் மீது வழக்கு நிற்காது, ஆனால் மூடும் வேலையைத் தவறாகச் செய்து, அதனால் ஒருவர் அடிபட்டால் ஈடு கொடுக்க வேண்டும். சும்மா இருப்பதே பாதுகாப்பு! 1961-இல் இயற்றப்பட்டு 1964-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இதை மாற்றியது. அதன்பின் அடிபட்டவர் வழக்குத் தொடரலாம். நியாயமான கவனம் செலுத்தினோம் என்று நிரூபித்தால் மட்டுமே மன்றம் தப்ப முடியும். ஆகவே சாலையை முறையாகப் பார்வையிடுவதும், பார்த்ததைக் குறித்து வைப்பதும் கட்டாயமாயின.

பள்ளம் எப்படி விழுகிறது?

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். தார்ச்சாலையின் மேற்பரப்பில் முதலில் மெல்லிய விரிசல் உண்டாகிறது. அதன் வழியே நீர் இறங்குகிறது. நீர் எளிதில் அமுங்காத பொருள். கனமான சக்கரம் அழுத்தும்போது அந்த நீர் பீறிட்டு, ஜல்லிகளுக்கு இடையிலுள்ள நுண்மண்ணை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. அடியில் வெற்றிடம் உண்டாகி மேற்பரப்பு உட்காருகிறது. இங்கிலாந்து போன்ற குளிர்நாட்டில் மற்றொரு தொல்லையும் உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு பெருகி விரிசலைப் பிளக்கிறது.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் அமைத்து லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மீதுள்ள பாரம் இருமடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 2×2×2×2, அதாவது 16 மடங்காகும் என்று தெரிந்தது. அரை டன் பாரமுள்ள சிறு கார் அச்சையும் பத்து டன் பாரமுள்ள லாரி அச்சையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேதம் 1,60,000 மடங்கு!

நல்ல ஒட்டு என்பது குழியை நிரப்புவது மட்டுமன்று. பள்ளத்தின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். நீரையும் தளர்ந்த கல்லையும் அகற்ற வேண்டும். தார் பூசிச் சூடான கலவையை இட்டு இறுக்கி, ஓரத்தில் நீர் புகாதபடி அடைக்க வேண்டும். நீர் நின்ற குழியில் கலவையைக் கொட்டினால் அது பழைய ஊராரின் மண்கூடைதான்.

கணினியில் இருந்த சாலை

இங்கிலாந்தின் மன்றங்கள் நெடுங்காலம் சொந்தப் பணியாளர்களைக் கொண்டே இவ்வேலையைச் செய்து வந்தன. 1980-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களும் தனியார் ஒப்பந்தக்காரர்களுடன் டெண்டரில் போட்டியிட வேண்டும் என்றது. இக்கட்டாயம் 2000-இல் நீங்கிற்று; ஒப்பந்த முறை நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூடிய பள்ளம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், பள்ளமே விழாமல் காப்பவருக்கு ஊதியம் இல்லை. எனவே சாலை முழுவதையும் பல ஆண்டுகள் நன்னிலையில் வைத்திருப்பதற்கே பணம் என்ற முறை வந்தது. பர்மிங்ஹாம் மாநகராட்சி 2010-இல் ஏமி என்ற நிறுவனத்துடன் 25 ஆண்டுகளுக்குச் சுமார் 270 கோடி பவுண்டு மதிப்பில் இவ்வாறு ஒப்பந்தம் செய்தது. ஆனால் கணினியில் பதிந்திருந்த தொடக்க விவரம் உண்மையான சாலைகளுடன் பொருந்தவில்லை. பதிவில் உள்ள அளவுக்கே வேலை என்றது நிறுவனம். தரையில் உள்ள சாலையே கணக்கு என்றது மாநகராட்சி. 2016-இல் நிறுவனம் வென்றது; 2018-இல் மேல்முறையீட்டில் மாநகராட்சி வென்றது. 2019-இல் நிறுவனம் 21.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டு விலகியது.

நம் நாட்டிலும் 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையை அமைத்தவரே ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

கட்டாய உழைப்பு, ஏலம், சொந்தப் பணியாளர், ஒப்பந்தக்காரர் என்று கைகள் மாறி வந்திருக்கின்றன. எந்தக் கை வேலை செய்தாலும், சாலை எப்படி இருக்கிறது என்று தானே நேரில் கண்டு அறியும் அமைப்பு ஒன்று வேண்டும். வேலையை ஒப்பந்தத்தில் விடலாம்; பொறுப்பை விட முடியாது. அடுத்த முறை ஒரு பள்ளம் மூடப்படுவதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். குழியிலிருந்த நீரை முதலில் வெளியேற்றினார்களா? அளந்து பார்க்க எவரேனும் அங்கே நின்றாரா? அந்தச் சாலையின் எதிர்காலம் இவ்விரு கேள்விகளின் விடையில் இருக்கிறது.