யாழை உடைக்கப் போன பாணர்

திருப்போரூருக்குக் கிருத்திகையன்று போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போனால் இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் தரையில் ஊன்றலாம் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அப்படி ஒரு கிருத்திகையில் கந்தசுவாமியைத் தரிசித்துவிட்டு, கூட்டத்தின் தயவால் நடக்காமலே வெளியே வந்து சேர்ந்து, குளத்துப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். இரண்டு படி கீழே ஓர் இளைஞன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். மெட்டு, கழனியில் நாற்று நடும் பெண்கள் பாடும் மெட்டு. வார்த்தைகள் அவனுடையவை.

"சினிமாவுக்குப் பாடுகிறாயா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை சார். நானே பாட்டுக் கட்டுவேன், நானே பாடுவேன். ராத்திரியில் கோவளம் பக்கம் கூப்பிட்ட இடத்தில் வாசிப்பேன். எவரிடமும் சம்பளம் இல்லை."

பக்கத்தில் பொரி கொறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்: "பாட்டு சுமார்தான். அந்தப் பெட்டிதான் அதைத் தூக்கி நிறுத்துது!"

பையன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ சிரிப்பு வந்தது. ஏனென்றால் சுமார் 1,300 வருஷங்களுக்கு முன் இதே வழக்கு நம் நாட்டில் நடந்திருக்கிறது. அதில் மனம் நொந்தவர் பாடினவர் அல்ல, வாசித்தவர். அவர்தான் திருநீலகண்ட யாழ்ப்பாணர்.

பாணர் என்ற ஜாதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். சங்க காலத்தில் யாழைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ப் போன சுதந்திரப் பாடகர்கள் இவர்கள். அரசர்கள் இவர்களுக்குப் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டினார்கள். சிறுபாணாற்றுப்படையின் பாணன் போகும் வழியில் வருகிற எயிற்பட்டினம், இந்தக் கடற்கரையில் தெற்கே உள்ள மரக்காணம் பக்கம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் காலம் மாறியது. பொற்றாமரை வாங்கின குலத்துக்குக் கோயில் வாசற்படிக்கு உள்ளே வர உரிமையில்லை என்றாகிவிட்டது.

விருத்தாசலம் பக்கத்தில் எருக்கத்தம்புலியூரில் பிறந்த நம் பாணர் அந்தக் காலத்தவர். மனைவி மதங்கசூளாமணியார் பாட, இவர் வாசிப்பார். மதுரையில் கோயில் வாசலுக்கு வெளியே நின்றுதான் வாசித்தார். ஆலவாய் இறைவன் அடியார்கள் கனவில் வந்து, "அவரை உள்ளே அழைத்து வாருங்கள்" என்று சொன்னதாகவும், பிறகு ஈரத் தரையில் யாழ் கெட்டுவிடும் என்று பொற்பலகை இடச் சொன்னதாகவும் சேக்கிழார் எழுதுகிறார். திருவாரூரில் வடக்கே தனியாக ஒரு வாசல் திறந்ததாம். பக்தர்கள் இதை அற்புதம் என்பார்கள். எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் இருக்கிற வாசல் போதாமல் புது வாசல் ஏன் வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் யோசிக்கிறேன்.

சீர்காழியில் அவர் ஞானசம்பந்தரைச் சந்தித்தார். பாடுகிறவர் சிறு பிள்ளை; வேதியர் குலம். அன்றிலிருந்து பிள்ளை பாட, பாணர் யாழில் இடுவதென்று ஏற்பட்டது. காஞ்சியில் பல்லவர் ஆட்சி. வாதாபி விழுந்தது 642இல். அந்தப் போரில் சேனை நடத்திய பரஞ்சோதி, சிறுத்தொண்டராகச் சம்பந்தரை உபசரித்திருக்கிறார். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழக்குக்கு வருவோம். காரைக்கால் பக்கத்தில் தருமபுரம், பாணருடைய தாயார் பிறந்த ஊர். சுற்றத்தார் கூடினார்கள். "பிள்ளையின் பாட்டு நாடெல்லாம் பரவுவது நீ யாழில் வாசிப்பதனால்தான்" என்று பெருமையாகப் பேசினார்கள். உறவினர்கள் எந்த நூற்றாண்டிலும் உறவினர்கள்தான்! பாணர் நடுங்கிப்போனார். நேரே சம்பந்தரிடம் போய், "யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடி அருளவேண்டும்" என்று வேண்டிக்கொண்டார். தன் கையின் தோல்வியைத் தானே கேட்டு வாங்கின வித்வான் உலகத்தில் வேறு யாராவது உண்டா? எனக்குத் தெரிந்த வித்வான்களில் இல்லை.

சம்பந்தர் பாடினார். பாணர் நரம்பைத் தடவினார், வரவில்லை. மறுபடியும் முயன்றார், வரவில்லை. "இந்தக் கருவியால் வந்த வினை" என்று யாழை ஓங்கி உடைக்கப் போனார். பிள்ளை அதைத் தடுத்து வாங்கிக்கொண்டு, இறைவன் பெருமை கருவியில் அடங்குமா, முடிந்த அளவு வாசியும் என்று தேற்றித் திருப்பிக் கொடுத்தார். அப்போது பிள்ளை அவரை 'ஐயர்' என்று அழைத்ததாகச் சேக்கிழார் எழுதியிருக்கிறார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். ஓதுவார்கள் இன்று அதை அடாணாவில் பாடுகிறார்கள்.

ஏன் யாழில் வரவில்லை? யாழ் வில்லைப்போல் வளைந்த வாத்தியம். ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஏழு நரம்புள்ள செங்கோட்டி யாழும் உண்டு, இருபத்தொன்று கட்டிய பேரியாழும் உண்டு. நரம்பை அழுத்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதில் மெட்டுகள் இல்லை. குரலோ வழுக்கும், நெளியும், சுழலும். வளைவு மிகுந்த பாட்டில் யாழ் நின்றுபோகத்தானே வேண்டும்? பிற்காலத்தில் மெட்டு வைத்த வீணை மேடையேற, யாழ் தமிழ்நாட்டிலிருந்தே மறைந்துவிட்டது. அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க மட்டக்களப்பிலிருந்து விபுலாநந்த அடிகள் வரவேண்டியிருந்தது. அவருடைய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே வருஷம் அவரும் மறைந்தார்.

ஆனால் யாழ்மூரியைவிட என் மனத்தில் நிற்பது சாத்தமங்கையில் ஓர் இரவு. அங்கே நீலநக்கர் என்ற வேதியர். சிவலிங்கத்தின்மேல் சிலந்தி விழுந்ததும் மனைவி பதறி வாயால் ஊதினாள். எச்சில் பட்டுவிட்டதே என்று அவளைத் துறந்துவிடத் துணிந்த ஆசாரசீலர் அவர். அவர் வீட்டில் சம்பந்தர் தங்கினார். இரவில் அவரைக் கூப்பிட்டு, "பாணருக்கும் அவர் துணைவியாருக்கும் இடம் கொடும்" என்றார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. வீட்டு நடுவில், அணையாத வேள்வித் தீ இருக்கும் வேதிகையின் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தார். தீ வலமாகச் சுழித்து எழுந்ததாம். ஏழாம் நூற்றாண்டில் அது சின்னக் காரியமா?

பிறகு சம்பந்தர் தொண்டை நாட்டுக்கு வந்தார். திருக்கழுக்குன்றத்தில் பாடினார், செங்கற்பட்டிலிருந்து திருப்போரூர் வரும் சாலையில் ஒதுங்கி நிற்கும் திருவிடைச்சுரத்தில் பாடினார். பாணரும் யாழோடு கூடவே வந்தார். கடைசியில் நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தருக்குக் கலியாணம். நடத்தி வைத்த புரோகிதர் அதே நீலநக்கர். அங்கே எழுந்த சோதியில் பிள்ளையும் நீலநக்கரும் பாணரும் மதங்கசூளாமணியாரும் எல்லோருமாகப் புகுந்தார்கள் என்பது புராணம்.

பல தலைமுறைக்குப் பின், தில்லையில் செல்லரித்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டபோது, பாட்டு இருந்தது, பண் இல்லை. பண்ணை எடுத்துக் கொடுத்தவள் எருக்கத்தம்புலியூரில் அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்லுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய ராஜராஜன் 48 பேரையும், கொட்டு வாசிக்க இருவரையும் நியமித்த கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் பாடிய மெட்டுக்கு யாருக்கு நன்றி சொல்வது? வாசலுக்கு வெளியே நின்றவர் வீட்டுப் பெண்ணுக்குத்தான்.

இவ்வளவையும் குளத்துப் படியில் அந்தப் பையனிடம் சொன்னேன். பொரிக்காரப் பெரியவர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அடாணா எப்படி சார் போகும்?" என்றான். என் குரலின் லட்சணம் வாசகர்களுக்குத் தெரியாது; தெரியாமலே இருக்கட்டும். மெதுவாக முனகிக் காட்டினேன். அவன் கிட்டாரின் மெட்டில் விரலை வைத்து, கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்த்தான். மூன்றாவது தடவை ஏதோ நெளிந்து வந்தது.

"இதுவா சார்?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

மறுபடியும் இழுத்தான்.