தினமும் ஒரு தாள்: எம்பயர் ஸ்டேட் பில்டிங் 410 நாளில் எழுந்தது எப்படி?

இன்றைக்கு நாம பேசப் போறது ஒரு கட்டடத்தைப் பத்தி. கட்டடக்கலை எபிசோடுனு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. பெரிய பிசினஸ் இலக்கை எப்படி ஒரு நாள் வேலையா உடைக்கிறது என்ற கேள்விக்கு வரலாற்றில் கிடைக்கிற தெளிவான பதில்களில் இதுவும் ஒன்று. அந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. இரண்டையும் பார்த்துடலாம்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங்கில் மொத்தம் 102 தளங்கள், உயரம் 1,250 அடி. கட்டுமானம் 1930 மார்ச் 17-ல் தொடங்கியது. 1931 மே 1-ல் திறப்பு விழா. நடுவில் இருந்தது 410 நாள். கம்ப்யூட்டர் கிடையாது, எக்செல் கிடையாது. நம்ம ஊரில் ஒரு மேம்பாலம் எத்தனை வருஷமா பாதியில் நிற்குதுனு யோசிச்சா, இந்த நம்பரோட அர்த்தம் புரியும்.

ஏன் மே 1?

இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் ஜான் ராஸ்காப். டூபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்களின் நிதியைக் கவனித்த பெரும் பணக்காரர். இன்னொருவர் ஆல் ஸ்மித். நியூயார்க்கின் முன்னாள் கவர்னர். 1928 அதிபர் தேர்தலில் ஹூவரிடம் தோற்றவர். 1929 ஆகஸ்டில் ஸ்மித் திட்டத்தை அறிவித்தார்: ஐந்தாவது அவென்யூவில் பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை இடித்துவிட்டு, உலகின் மிக உயரமான கட்டடம்.

அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. டிசம்பரில் மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் 2.75 கோடி டாலர் கடனை உறுதி செய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

திறப்புத் தேதியை மே 1 என்று குறித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கால நியூயார்க்கில் அலுவலக வாடகை ஒப்பந்தங்கள் வழக்கமாக மே 1-ல் தான் தொடங்கும். அந்தத் தேதி தவறினால், பல கம்பெனிகள் வேறு இடத்தில் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து போட்டிருக்கும். கட்டடம் காலி. கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அதாவது இந்த டெட்லைன் யாரோட ஆசையிலிருந்தும் வரல, மார்க்கெட்லேர்ந்து வந்தது.

வகுத்தால் விடை வராது

இலக்கை உடைக்கணும்னு சொன்னா நாம முதல்ல செய்யறது வகுத்தல். 102 தளம், 410 நாள். வகுத்தா ஏறக்குறைய நாலு நாளைக்கு ஒரு தளம். போர்டில் எழுதி ஒட்டிட்டா பிளான் ரெடி!

நிஜத்தில் நடந்ததைப் பாருங்க. மார்ச் 17-ல் தொடங்கிய வேலையில், முதல் எஃகுத் தூண்கள் நின்றதே ஏப்ரல் 7-ல். மூன்று வாரம், ஒரு தளம்கூட எழவில்லை. வகுத்தல் கணக்குப்படி அப்போதே ஐந்து தளம் பின்தங்கிவிட்டார்கள்! ஆனால் செப்டம்பர் மாதத்தில் 86-வது தளம் வரை எஃகுச் சட்டம் முடிந்துவிட்டது. அதுவும் அட்டவணைக்கு முன்பாகவே. சராசரியாக வாரத்துக்கு நாலரைத் தளம். ஒரு கட்டத்தில் பத்து நாளில் பதினாலு தளம்.

வகுத்தல் எல்லா நாளும் ஒரே மாதிரினு நினைச்சுக்குது. எந்த வேலையிலும் அப்படி இருக்காது. எது எதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும் என்பதுதான் நாளைத் தீர்மானிக்கும்.

கல்யாணத் தேதி குறிச்ச வீட்டுக்கு இது நல்லாவே தெரியும். யாரும் மொத்த வேலையை மொத்த நாளால் வகுக்க மாட்டாங்க. முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவாங்க. பத்திரிகை எப்போ கொடுக்கணும்? அப்போ எப்போ அச்சுக்குப் போகணும்? அதுக்கு முன்னாடி மண்டபம் உறுதியாயிருக்கணுமே!

எம்பயர் ஸ்டேட்டிலும் அதேதான். கட்டட வடிவமைப்பாளர் நிறுவனம் ஷ்ரீவ், லாம்ப் அண்ட் ஹார்மன். கான்ட்ராக்டர்கள் ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன். எஃகு வேலைக்கு இவர்கள் போட்ட அட்டவணையில் ஒவ்வொரு தளத் தொகுதிக்கும் பல தேதிகள். தகவல் எப்போது வர வேண்டும், ஆலைக்கு ஆர்டர் எப்போது போக வேண்டும், வரைபடம் எப்போது முடிய வேண்டும், எஃகு எப்போது வந்து சேர வேண்டும், எப்போது நிமிர்த்த வேண்டும். மேல் தளங்களின் நுணுக்கங்கள் முழுசா முடியறதுக்கு முன்னாடியே கீழே அஸ்திவாரம் தோண்டினாங்க. எல்லா வரைபடமும் முடியட்டும்னு யாரும் காத்திருக்கல. எந்த வரைபடம் எந்தத் தேதிக்குத் தேவைனு மட்டும் தெரிஞ்சிருந்தது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டுமானத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட தொழில்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார், கண்ணாடி போடுறவர் என்று நீளும். இவை அத்தனையையும் ஒரே தீவிரத்தோடு துரத்தவில்லை. நாலு வேலைகளை மட்டும் வேகத்தைத் தீர்மானிக்கிற வேலைகளாக எடுத்துக்கொண்டார்கள்: எஃகுச் சட்டம், கான்கிரீட் தளம், வெளிப்புற உலோக வேலை, வெளிப்புறச் சுண்ணாம்புக்கல். இந்த நாலும் சரியா ஏறினா, மத்தது எல்லாம் இதோட இடைவெளியில் பொருந்திக்கும். உங்க டூ-டூ லிஸ்ட்டில் முப்பது வரி இருந்தா, அதில் எந்த நாலு மத்ததோட வேகத்தை முடிவு பண்ணுதுனு ஒருமுறை கேட்டுப் பாருங்க.

காலையில் வரும் தாள்

இப்போ சைட்டுக்கு வருவோம். நெரிசலான மன்ஹாட்டன். மனை முழுக்கக் கட்டடமே நிற்கிறது. சாமான் அடுக்கி வைக்க இடமே இல்லை. தெருவில் குவிக்கவும் முடியாது.

அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு அட்டவணை அச்சிட்டார்கள். எந்த லாரி, என்ன சரக்கு, எத்தனை மணிக்கு வரும், யார் பொறுப்பு, எங்கே போகணும் என்று எல்லாமே அதில் இருக்கும். 102 தளம் என்ற பிரம்மாண்டம் அந்தத் தாளில் கிடையாது. இன்றைக்கு வரும் லாரிகள் மட்டும்தான்.

எஃகு பிட்ஸ்பர்க் பகுதி ஆலைகளில் தயாராகி, ரயிலில் நியூஜெர்சிக்கு வந்து, படகில் மன்ஹாட்டனுக்கு வந்து, அங்கிருந்து லாரியில் சைட்டுக்கு வரும். ஒவ்வொரு துண்டிலும் அது எங்கே போகணும், எந்த கிரேன் தூக்கணும் என்ற குறி இருக்கும். இறக்கி, தேடி, கணக்குப் பார்க்கிற வேலை கிடையாது. லாரியிலிருந்து நேரா மேலே.

செங்கல் கதை இன்னும் சுவாரஸ்யம். மொத்தம் ஒரு கோடி செங்கல். வழக்கமா லாரி தெருவில் கொட்டிட்டுப் போகும். தள்ளுவண்டியில் அள்ளி, மேலே ஏத்தி, மறுபடி தள்ளிக்கொண்டு போகணும். இங்கே லாரி கொட்டினதும் செங்கல் சரிவு வழியா நேரா அடித்தளத்தில் இருந்த பெரிய தொட்டிக்குள் விழும். தொட்டிக்குக் கீழே வண்டி நிற்கும். நிரம்பியதும் வண்டி அப்படியே மேலே போகும். தளத்தில் குட்டித் தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதில் தள்ளினால் கொத்தனார் பக்கத்திலேயே போய் நிற்கும்.

சாப்பாட்டுக்கும் இதே யோசனைதான். ஆயிரக்கணக்கான பேர் மதியம் கீழே இறங்கி ஏறினால் லிஃப்டிலேயே பாதி நேரம் போயிடும். அதனால் கட்டடத்துக்குள்ளேயே பல தளங்களில் உணவகம் திறந்துவிட்டார்கள். கட்டடம் ஏற ஏற உணவகமும் மேலே போச்சு.

உச்சத்தில் ஒரே நாளில் 3,400-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். நேரக் கணக்காளர்கள் ஒவ்வொரு தொழிலாளியையும் அவர் நிற்கிற இடத்துக்கே போய் நாளுக்கு நான்கு முறை சரிபார்த்தார்கள். இது பிளானின் இன்னொரு பாதி. காலையில் சொன்னது மாலையில் நடந்ததா என்று பார்க்கலைனா, அது பிளான் இல்ல, வெறும் ஆசை.

அந்த உயரத்தில் ரிவெட் அடிக்கும் குழுவில் நாலு பேர். ஒருத்தர் ரிவெட்டை உலையில் பழுக்கக் காய்ச்சி வீசுவார். அடுத்தவர் தகரக் குவளையில் பிடித்து ஓட்டையில் செருகுவார். மூன்றாமவர் பின்னால் முட்டுக் கொடுப்பார். நாலாமவர் சுத்தியல் துப்பாக்கியால் அடிப்பார். ஒருத்தர் வரலைனா மத்த மூணு பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

இந்த வேகத்துக்கு விலையும் இருந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். காலைத் தாளில் அவர்களும் அன்றைய வேலையின் ஒரு வரியாகத்தான் இருந்திருப்பார்கள்.

வடிவமே வேலையைக் குறைத்தது

இதையெல்லாம் சைட் மேனேஜர் சாமர்த்தியம்னு மட்டும் எடுத்துக்கக் கூடாது. வடிவமைத்த வில்லியம் லாம்ப் ஆரம்பத்திலேயே இதை யோசித்தார். அவருக்குக் கொடுத்த நிபந்தனைகள் சுருக்கமானவை: பட்ஜெட் இவ்வளவு, வெளியே சுண்ணாம்புக்கல், ஜன்னலிலிருந்து உள் நடைபாதை வரை 28 அடிக்கு மேல் போகக் கூடாது, 1931 மே 1-ல் முடியணும். சைட்டில் உட்கார்ந்து கையால் செதுக்கிப் பொருத்துகிற வேலைகளை அவர் முடிந்தவரை நீக்கினார். ஒரே மாதிரி பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து மாட்டினால் போதும் என்ற மாதிரி வரைந்தார். ஜன்னல்கள் மட்டும் ஏறக்குறைய 6,500. ஒவ்வொன்றும் தனி டிசைன்னா தினசரி பிளான் போடவே முடியாது. திரும்பத் திரும்ப வர்ற வேலையைத்தான் நாளாக நறுக்க முடியும்.

தாளில் இல்லாத கேள்வி

1931 மே 1. வாஷிங்டனில் இருந்தபடி அதிபர் ஹூவர் ஒரு பட்டனை அழுத்த, கட்டடத்தில் விளக்கு எரிந்தது. சொன்ன தேதிக்கு முடிந்தது. நிலத்தையும் சேர்த்து 5 கோடி டாலர் ஆகும் என்று நினைத்தார்கள். ஏறக்குறைய 4.1 கோடியில் முடிந்தது. மந்தநிலையில் கூலியும் சரக்கு விலையும் இறங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் வாடகைக்கு ஆள் இல்லை. திறக்கும்போது கால்வாசி இடம்தான் போயிருந்தது. ஊரே இதை 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்' என்று கிண்டல் செய்தது. முதல் வருஷத்தில், வேடிக்கை பார்க்க ஒரு டாலர் கொடுத்து மேலே ஏறிய கூட்டம் தந்த பணம், மொத்த வாடகை வருமானத்துக்கு ஈடாக இருந்தது. இந்தக் கட்டடம் லாபத்தைப் பார்க்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆச்சு.

உச்சியில் 200 அடி கம்பம் ஒன்று. ஆகாயக்கப்பல்களை அங்கே கட்டி, பயணிகளை இறக்குவது திட்டம். அதுவும் ஒழுங்காகத்தான் கட்டி முடிக்கப்பட்டது. ஆனா அந்த உயரக் காற்றில் எந்தப் பயணியும் அங்கே இறங்கவே முடியல. தவறான யோசனையும்கூட அட்டவணைப்படி சரியான நேரத்துக்கு முடியும்!

இங்கேதான் ராஸ்காப்பின் இன்னொரு பிளான் ஞாபகம் வருது. 1929 ஆகஸ்டில், கட்டடத்தை அறிவித்த அதே மாதத்தில், ஒரு பத்திரிகையில் அவர் பேட்டி வெளியானது. மாசம் 15 டாலர் நல்ல பங்குகளில் போடுங்க, இருபது வருஷத்தில் 80,000 டாலர் சேரும், எல்லாரும் பணக்காரர் ஆகலாம் என்றார். கணக்கு அழகா இருந்தது. இரண்டு மாசத்தில் சந்தை விழுந்தது.

இரண்டு பிளானும் சின்னத் துண்டுகளாக உடைக்கப்பட்டவை. இரண்டிலும் உடைத்ததில் தப்பில்லை. வெளி உலகம் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் தப்பு. எந்த லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தினமும் கேட்டவர்கள், இந்த அறைகளில் யார் உட்காரப் போறாங்க என்று எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? தினசரித் தாள் 'எப்படி' என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வேலை நல்லா ஓடும்போது 'எதுக்கு'னு கேட்கிறது தடங்கல் மாதிரி தெரியும். அதனாலேயே அதைக் கேட்கவும் ஒரு தேதி குறிச்சு வைக்கணும்.

ஒரு சின்ன உதாரணத்தோட முடிக்கிறேன். வீட்டிலிருந்தே கேக் செஞ்சு விற்கிறீங்க, ஒரு வருஷத்தில் ஆயிரம் கஸ்டமர் வேணும்னு வெச்சுக்குவோம். நாளைக்கு மூணு பேர்னு வகுக்காதீங்க. முதல் மாசம் அந்த மூணு பேர் வர மாட்டாங்க, நீங்க சோர்ந்து போவீங்க. தீபாவளி ஆர்டரிலிருந்து பின்னாடி எண்ணுங்க. அதுக்கு எந்த மாசம் பெட்டி அச்சடிக்கணும், எப்போ டெலிவரிக்கு ஆள் பேசணும், எப்போ விலையை முடிவு பண்ணணும். வேகத்தைத் தீர்மானிக்கிற மூணு நாலு வேலையைக் குறிச்சுக்கோங்க. காலையில் இன்றைய தாள், ராத்திரி அதில் எது நடந்துச்சுன்னு ஒரு டிக். அப்புறம் மாசத்துக்கு ஒரு நாள், அடுப்பை அணைச்சிட்டு ஒரே ஒரு கேள்வி: வாங்கினவங்க திரும்ப வர்றாங்களா? இல்லைன்னா, நாளைய தாளை எழுதறதுக்கு முன்னாடி இலக்கை மாத்துங்க.