குரல் தங்கும் துறை: மட்டக்களப்பு ஒலிமரபும் பொட்காஸ்ட் வைப்பகத் தெரிவும்

மொழியின் வரலாறு பெரும்பாலும் எழுத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஏட்டில் ஏறியதும் அச்சில் வந்ததும் இலக்கியமாகக் கொள்ளப்பட, வாய்மொழியாக வழங்கியவை அதன் ஓரத்திலேயே வைக்கப்பட்டன. மட்டக்களப்பு வாவியை அண்டிய தமிழகத்தைப் பொறுத்தவரையில் இந்நோக்குப் பெருங் குறைபாடுடையதாகும். வடமோடி, தென்மோடிக் கூத்துகள், வசந்தன் ஆட்டம், கொம்புவிளையாட்டுப் பாடல்கள், கண்ணகி வழிபாட்டுப் பாடல்கள், தாலாட்டு, ஒப்பாரி ஆகிய யாவற்றினதும் உயிர் சொல்லில் மட்டுமன்றி ஓசையிலும் தங்கியுள்ளது. இன்று கைத்தொலைபேசி ஒன்றே ஒலிப்பதிவுக்குப் போதுமானதாகிவிட்டது. எனவே, எவ்வாறு பதிவு செய்வது என்பதைவிட, பதிவு செய்ததை எங்கே வைப்பது என்பதே முதன்மையான வினாவாக எழுகின்றது. பொட்காஸ்ட் எனப்படும் இணைய ஒலித்தொடரைத் தொடங்குவோர், தம் ஒலிக்கோப்புகளை வைத்திருந்து கேட்போருக்கு வழங்கும் நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது இவ்வினாவுக்கே விடை கூறுகின்றனர். அத்தகைய நிறுவனம் இக்கட்டுரையில் வைப்பகம் எனக் குறிக்கப்படுகின்றது.

விலையையும் கொள்ளளவையும் ஒப்பிட்டு வைப்பகத்தைத் தெரிவு செய்வதே வழக்கம். ஆனால், இப்பிரதேசத்தின் ஒலிகள் கடந்த நூற்றெழுபது ஆண்டுகளில் எங்கெங்கே, யார் கையில் தங்கின என்பதை ஆராயின் வேறோர் அளவுகோல் புலப்படும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சில் தங்கிய ஒலி

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848 ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலவொளியில் மீனவருடன் தோணியேறி, வாவியின் அடியிலிருந்து எழும் இசையைக் கேட்டார். நீருக்கு மேலே மெல்லியதாய் இருந்த அவ்வொலி, தோணியின் மரத்தில் காதை வைத்தபோது மிகுந்து கேட்டது என்று அவர் எழுதினார். அது ஊரி எனப்படும் நீர்வாழ் உயிரியின் குரல் என்பது அம்மீனவரின் நம்பிக்கை. பிற்காலத்தார் அதனைப் பாடும் மீன் என்றனர். ரெனன்ற் தாம் கேட்டவற்றை இலண்டனில் அச்சான தமது நூல்களில் விவரித்தார். ஒலியைப் பதியும் கருவி தோன்றாத காலமாதலின், ஈரமான விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலியைப் போன்றது என உவமை கூறுவதே அவருக்கு இயன்றது. வாவியின் இசை இவ்வாறு ஒரு வருணனையாக இலண்டனுக்குச் சென்றது, இசை தங்கவில்லை.

இதே எல்லையை உள்ளூர்த் தொகுப்பு முயற்சிகளும் எதிர்கொண்டன. தி. சதாசிவ ஐயர் தொகுத்த ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ 1940 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏடுகளிலும் நினைவிலும் சிதறிக் கிடந்த பாடல்களைக் காத்த பெரும்பணி அது. எனினும், கோலாட்டத்தின் வேகமும் பாடுவோரின் குரலும் அச்செழுத்துக்குள் அடங்குவன அல்ல.

ஒலி ஒருமுறை அற்றுப்போனால் அதனை மீட்பதற்கு எத்தகைய உழைப்பு வேண்டும் என்பதற்குக் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்வே சான்றாகும். பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்தபின், சிலப்பதிகாரத்தின் வரிகளையும் அரும்பதவுரைக் குறிப்புகளையும் கணிதத்தின் துணையால் ஆராய்ந்து, அவர் அதன் சுரநிலைகளை மீட்டுரைத்தார். நெடுங்கால ஆய்வின் பயனான ‘யாழ்நூல்’ 1947 ஆம் ஆண்டு அரங்கேறியது; அவ்வாண்டு யூலை மாதத்திலேயே அவர் மறைந்தார். மீளக் கிடைத்தது இசையின் இலக்கணமேயன்றி, பண்டைப் பாணன் ஒருவனின் வாசிப்பன்று என்பது இங்குக் கருதத்தக்கது.

வானொலியில் தங்கிய ஒலி

இலங்கையில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசெம்பரில் கொழும்பில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அமைக்கப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பு நிலையம் 1949 ஆம் ஆண்டு இலங்கை அரசின் கைக்கு மாறியபின், இலங்கை வானொலியின் குரல் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் ஒலித்தது. 1967 ஆம் ஆண்டு அது கூட்டுத்தாபனமாயிற்று. மட்டக்களப்பிற் பணியாற்றிய அமெரிக்க யேசுசபைக் குருமார் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாவியின் ஒலியைப் பதிவு செய்ததும், அது இலங்கை வானொலியில் ஒலித்ததும் இக்காலத்து நிகழ்ச்சிகளே.

வானொலி ஒலியை ஒலியாகவே சுமந்தது. ரெனன்றின் உவமைக்குக் கிட்டாத பேறு இது. எனினும், எதனை, எந்நேரம், எத்தனை நிமிடம் ஒலிபரப்புவது என்பதை நிலையமே முடிவு செய்தது. ஒலிநாடா நிலையத்தின் உடைமை. பாடியவனுக்கு அதன் பிரதியேனும் உரித்தாவது அரிது. விடிய விடிய ஆடப்படும் கூத்து, நிகழ்ச்சி நிரலின் அளவுக்குக் குறுக்கப்பட்டாலன்றி வானொலியில் இடம்பெறாது. கேட்போரைச் சென்றடையும் ஆற்றலும் பதிவைக் காக்கும் பொறுப்பும் ஒரே நிறுவனத்திடம் குவிந்திருந்தமையே வானொலிக் காலத்தின் இயல்பாகும்.

காப்பகத்தில் தங்கிய ஒலி

அண்மைக் காலத்து முயற்சியொன்று இதனின்றும் வேறுபட்டது. போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டு மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை பத்தாண்டுகளிற் கைமாறியபோதும், போர்த்துக்கேயச் சாயலுள்ள கிரியோல் மொழி மட்டக்களப்புப் பறங்கியரின் இல்லங்களில் இன்றும் வழங்குகின்றது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயூகோ கார்தோசோவும் அவர்தம் குழுவினரும் இம்மொழியின் பேச்சையும் பாடலையும் ஆடலையும் பதிவு செய்து, இலண்டனிலிருந்த அருகிவரும் மொழிகளின் காப்பகத்தில் வைப்புச் செய்தனர். அக்காப்பகம் 2021 ஆம் ஆண்டு இலண்டனை விட்டுப் பேர்லினுக்குப் பெயர்ந்தது. அதன் வைப்புகளும் உடன் பெயர்ந்தன.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, இத்தகைய காப்பகங்களில் ஒவ்வொரு பதிவையும் யார் கேட்கலாம் என்பது, பதிவுக்குக் குரல் தந்தவரின் விருப்பத்தையும் கருதி வரையறுக்கப்படுகின்றது. இரண்டாவது, இடம் மாறுதல் என்பது அழிவன்று. மாறுதலுக்கு ஏற்ற ஒழுங்கு இல்லாமையே அழிவு. ஈழத்தமிழர் தாமாக முன்வந்து 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும், அதன் பல்லூடகப் பகுதியான ஆவணகமும், கட்டற்ற மென்பொருளின் துணையுடன் இத்தகைய காப்புப் பணியையே ஆற்றி வருகின்றன. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம், ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைப்பதன் கேட்டை நன்கறியும்.

பொட்காஸ்ட்டின் அமைப்பு

பொட்காஸ்ட் வானொலியின் தொடர்ச்சியாகத் தோன்றினும், அமைப்பில் அதனின்றும் மாறுபட்டது. இதில் மூன்று உறுப்புகள் உள. ஒன்று, ஒலிக்கோப்பு. மற்றொன்று, ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பின் முகவரி ஆகியவற்றைக் கொண்ட ஆர்எஸ்எஸ் என்னும் எழுத்துக்கோப்பு; இதனை ஓடை என்பர். மூன்றாவது, அவ்வோடையை வாசித்துக் கேட்போரிடம் சேர்க்கும் செயலி. ஓடையில் ஒலிக்கோப்பை இணைக்கும் முறை 2000 ஆம் ஆண்டளவில் உருவாயிற்று; பொட்காஸ்ட் என்னும் பெயர் 2004 ஆம் ஆண்டு வழக்கிற்கு வந்தது; அடுத்த ஆண்டு அப்பிள் நிறுவனம் தன் ஐரியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்தது. ஒலிக்கோப்பையும் ஓடையையும் தாங்குவது வைப்பகத்தின் தொழில்.

வைப்பகம் தனியே வேண்டப்படுவது ஏன் என்பதை எளிய கணக்கால் அறியலாம். விநாடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் அமைந்த அரை மணிநேரப் பேச்சு 14.4 மெகாபைட் கொள்ளும். ஐந்நூறு பேர் அதனை இறக்கிக் கேட்பின் 7.2 கிகாபைட் கடந்து செல்லவேண்டும். இச்சுமையைச் சிறிய இணையத்தளமொன்று தாங்குவது கடினம். சில வைப்பகங்கள் மாதந்தோறும் ஏற்றத்தக்க மணிநேரத்தையும், சில மெகாபைட்டையும் அளவாகக் கொண்டு கட்டணம் விதிக்கின்றன. உரையாடல் நிகழ்ச்சிகளை எண்ணி வகுக்கப்பட்ட அளவுகள் இவை. எட்டு மணிநேரக் கூத்தொன்று பல மாத ஒதுக்கீட்டை ஒரே இரவில் விழுங்கிவிடும்.

வெளியிடும் இடமும் காக்கும் இடமும் ஒன்றன்று என்பதும் இக்கணக்கிலேயே தெளிவாகின்றது. எட்டு மணிநேரக் கூத்தின் சுருக்கப்படாத ஈரொலி மூலப்பதிவு ஏறத்தாழ 5 கிகாபைட்டாகும். கேட்போருக்குச் சுருக்கிய வடிவமே செல்லும். சுருக்கும்போது இழந்த நுட்பம் மீண்டு வாராது. மத்தளத்தின் அடியையும் சல்லரியின் ஓசையையும் பிற்கால ஆய்வாளன் பிரித்தறிய வேண்டுமாயின் மூலப்பதிவு வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

தெரிவின் அளவுகோல்கள்

மட்டக்களப்பின் அண்மை வரலாறே தெரிவுக்கான அளவுகோல்களைத் தருகின்றது. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் தேதி வீசிய சூறாவளியும், 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் தேதி கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்த ஆழிப்பேரலையும், வீட்டுப் பெட்டகத்தை மட்டும் நம்புவதன் ஆபத்தை உணர்த்தின. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகள், உள்ளூர்க் கணினியையே வழங்கியாக இயக்குவதன் இடர்ப்பாட்டைக் காட்டின. ஆகவே வெளியிலுள்ள வைப்பகம் தேவையே.

ஆனால், வெளியிலுள்ள வைப்பகங்கள் பெரும்பாலும் டொலரிலேயே கட்டணம் பெறுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. மாதம் 10 டொலர் என்னும் கட்டணம், வைப்பகம் ஒரு சதமும் கூட்டாமலே, 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாயிற்று. கட்டணம் நின்றால் ஓடையும் நிற்கும். இலவச வைப்பகங்கள் இதற்கு மாற்றாகத் தோன்றலாம். ஆயினும் அவை பெரும்பாலும் விளம்பரத்தாலோ, தாய் நிறுவனத்தின் வேறு நோக்கத்தாலோ வாழ்பவை. ஒரு தாயின் ஒப்பாரிக்கு நடுவே வணிக விளம்பரம் நுழைவதைப் பாடியவர் ஏற்பாரா என்பது விலையால் அளக்கத்தக்க வினாவன்று.

நிறுவனங்களின் நிலையாமையும் கருதத்தக்கது. 2019 ஆம் ஆண்டு ஸ்பொட்டிஃபையினால் வாங்கப்பட்ட அங்கர் என்னும் இலவச வைப்பகம் 2023 ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் பெயர் மாறியது. சவுண்ட்கிளவுட் 2017 ஆம் ஆண்டு தன் ஊழியருள் ஏறத்தாழ 40 வீதத்தினரை நீக்கியபோது, அதிலுள்ள ஒலிகள் என்னாகுமோ என்ற அச்சம் பரவியது. இலாப நோக்கற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் கூட 2024 ஒக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள்கள் முடங்கியது. இதற்கு மாறாக, கூகுள் பொட்காஸ்ட்ஸ் என்னும் செயலி 2024 ஆம் ஆண்டு மூடப்பட்டபோது எந்தவொரு தொடரும் அதனால் அழியவில்லை. அது ஓடையை வாசித்த வாயிலேயன்றி, ஓடை தங்கிய இடமன்று. கேட்டோர் வேறு செயலிக்கு மாறினர். ஒலியையும் ஓடையையும் செயலியையும் பிரித்து வைத்தலின் பயன் இதுவே.

சமூக ஊடகத்தையே வைப்பகமாகக் கொள்வோர் இப்பயனை இழக்கின்றனர். 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தொடர்ந்து 2019 ஏப்பிரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடை செய்தபோது, அவற்றை மட்டும் நம்பியிருந்த குரல்கள் நாட்டினுள்ளே அடங்கின.

எனவே, தெரிவுக்குமுன் கேட்கவேண்டிய முதல் வினா, இவ்வைப்பகத்தை விட்டு வெளியேறுவது எவ்வாறு என்பதாகும். ஓடையின் முகவரி, இயலுமாயின் தொடரை நடத்துவோர் பெயரில் பதிவான சொந்த இணையப் பெயரில் அமைதல் வேண்டும். அது இயலாதவிடத்து, விலகும்போது பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வைப்பகம் உடன்படுதல் வேண்டும். இவ்வுடன்பாடு இல்லையேல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கேட்போர் ஒரே நாளில் இழக்கப்படுவர். ஒலிக்கோப்புகள் அனைத்தையும் மீளப் பெறும் வழி, விளம்பரத்தை மறுக்கும் உரிமை, பாடியவரின் வேண்டுகோளின்படி பதிவை நீக்கும் வசதி ஆகியன அடுத்து நோக்கத்தக்கன. விலையும் கொள்ளளவும் இவற்றின் பின்னரே வரும். மூலப்பதிவின் ஒரு பிரதி ஊரிலும், மற்றொன்று ஆவணகம் போன்ற காப்பகமொன்றிலும், வெளியீட்டு வடிவம் வைப்பகத்திலுமாக மூவிடத்தில் இருத்தல் பாதுகாப்பானதாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, மட்டக்களப்பின் ஒலி முதலில் அயலவரின் வருணனையாகவும், பின்னர் நிலையத்தின் உடைமையாகவும், அதன்பின் காப்பகத்தின் வைப்பாகவும் தங்கி வந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் ஒலி முன்னிலும் முழுமையாகக் காக்கப்பட்டது. ஆனால் திறவுகோல் பெரும்பாலும் வேறொருவர் கையிலேயே இருந்தது. பொட்காஸ்ட் அத்திறவுகோலைப் பாடுவோரும் அவர்தம் ஊராரும் வைத்திருக்க வாய்ப்பளிக்கும் முதல் ஊடகமாகும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் நாட்டாரிசையும் கூத்தும் பயிலும் மாணவர் கைகளில் இன்று பதிவுக் கருவி உள்ளது. அண்ணாவிமார் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடமிருந்து பெறும் குரலை, விரும்பியபோது மீட்டெடுக்க இயலாத இடத்தில் வைப்பது, பதிவு செய்யாமலே விடுவதற்குச் சற்றே மேலானது. யாழின் ஓசையை மீட்க ஒரு விபுலாநந்தர் வேண்டியிருந்தது. வசந்தனின் ஓசைக்கும் அத்தகையதொரு மீட்பு வேண்டப்படும் நிலை வாராமற் காப்பது இத்தலைமுறையின் கடனாகும்.