மஸ்கட்: மணத்தால் இனங்காணல்

மஸ்கட் என்பது ஒயினாக மாறிய பின்னும் பழத்தின் மணத்தை இழக்காத நறுமணத் திராட்சைக் குடும்பம். பெயரை மறைத்துச் சுவைக்கும் தேர்வில் வெள்ளை ஒயின்களுள் எளிதில் பிடிபடுவது இதுவே. பெரும்பாலான ஒயின்களில் எலுமிச்சை, ஆப்பிள், மலர் என வேறொன்றின் வாசனை எழும். மஸ்கட்டில் திராட்சையே மணக்கும்.

மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரோல் முதலிய டெர்பீன்கள் என்னும் மணச் சேர்மங்கள். கொத்தமல்லி விதை எண்ணெயின் முதன்மைக் கூறு லினலூல். ரோஜாவில் ஜெரானியால் உண்டு. ஆகவே தமிழ்ச் சமையலறையில் பழகிய மூக்குக்கு இம்மணம் அந்நியமன்று. இதைப் பயில மிக நல்ல பாடம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. இது கருநிற ஹாம்பர்க் மஸ்கட். வெள்ளை இனமான அலெக்சாந்திரியா மஸ்கட்டின் கலப்பில் பிறந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ‘பன்னீர்’ என்ற பெயரே துல்லியமான மணக்குறிப்பு.

மஸ்கட்டோடு குழம்புவது கெவூர்ஸ்ட்ராமினர் என்னும் வேறொரு நறுமணத் திராட்சையின் ஒயின். அதில் ரோஜாவும் லிச்சியும் முந்தும். நிறம் அடர்ந்தும் புளிப்பு தணிந்தும் இருக்கும். லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த ரம்புட்டான் சாரல் காலத்தில் குற்றாலம், தென்காசிக் கடைகளில் குவியும். மணம் மென்மையானதெனினும், உரித்து முகர்ந்து ஒப்பிட அது உதவும். ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயினிலும் மலர்மணம் உண்டு. ஆனால் புளிப்பு கூர்மையானது, முதிர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை தோன்றும்.

திராட்சை மணம் இனிப்பை எதிர்பார்க்க வைத்து, நாவில் இனிப்பின்றி மெல்லிய கசப்பு நின்றால், அது இனிப்பு நீங்கப் புளித்த மஸ்கட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி.