யாருடைய அமைதி?

"அமைதியா இருங்க" என்று யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதே என் கேள்வி. கீழத்தஞ்சையில் கூடுதல் நெல்கூலி கேட்டுச் செங்கொடிச் சங்கமாகத் திரண்டவர்கள்தான் மிராசுதார்களுக்கு 'அமைதியைக் கெடுத்தவர்கள்'. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள்.

பூதான இயக்கத்தில் நிலத்தைத் தானமாகக் கேட்டு நடந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்தார்கள். அவர்கள் 1981இல் தொடங்கிய லாஃப்டி, வங்கிக்கடனில் நிலம் வாங்கி, கூலிப்பெண்கள் பேரிலேயே பதிவு செய்தது. உழுதவளே விலையும் கொடுக்கணுமா என்ற இடதுசாரிக் கேள்வி நியாயமானது. ஆனாலும் தானத்திலிருந்து பத்திரத்துக்கு வந்தது சின்ன நகர்வல்ல. கொடுத்தவன் தயவு அங்கே முடிகிறது. நிலமில்லாதவளிடம் கேட்கிற அமைதிக்குக் கீழ்ப்படிதல் என்றுதான் பேரு.