குப்பையில் பிறந்த மரபணு

புது மரபணு எங்கிருந்து வருகிறது? ரொம்ப நாளைக்கு இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: பழைய மரபணுவிலிருந்து. 1970-ல் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய-அமெரிக்க விஞ்ஞானி இதற்காக ஒரு புத்தகமே எழுதினார். ஒரு மரபணு தவறுதலாக இரண்டு பிரதி ஆகிவிடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரிஜினல் தன் வேலையைப் பார்க்கும். ஜெராக்ஸ் சும்மா இருக்கும். எழுத்துக்கள் மாறி மாறி, ஒருநாள் புது வேலை ஒன்றைப் பிடித்துக் கொள்ளும்.

அப்படியானால் மற்ற டி.என்.ஏ? நம் டி.என்.ஏ-வில் புரதம் செய்வதற்கான குறிப்பு 2 சதவீதம் கூடத் தேறாது. மீதியில் பெரும்பகுதியை அதே ஓனோ 1972-ல் 'குப்பை' என்றே எழுதினார். நோபல் பரிசு பெற்ற பிரான்சுவா ஜாக்கோப் 1977-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். அமினோ அமிலங்கள் தற்செயலாகச் சேர்ந்து, உருப்படியான ஒரு புரதம் புதிதாக உருவாக வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றார். இவ்வளவு பெரிய மனிதர் பூஜ்யம் என்ற பிறகு யார் மெனக்கெட்டுத் தேடுவார்கள்?

1996-ல் ஈஸ்ட்டின் முழு டி.என்.ஏ-வும் படிக்கப்பட்டது. அதில் ஏகப்பட்ட மரபணுக்களுக்கு வேறு எந்த உயிரிலும் சொந்தபந்தம் இல்லை. 'அனாதை மரபணுக்கள்' என்று பெயர் வைத்தார்கள். மற்ற உயிர்களையும் படித்தால் உறவுகள் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. சிலதுக்குக் கிடைத்தன, பலதுக்கு இல்லை. 2006-ல் டேவிட் பெகன் குழு, பழ ஈயில் 5 மரபணுக்கள் வெறும் 'குப்பை'யிலிருந்து வந்தவை என்று காட்டியது. 2009-ல் டப்ளினில் ஈஃபா மெக்லைசட் குழு மனிதனிலேயே 3 கண்டுபிடித்தது. சிம்பன்சியிடம் அதே டி.என்.ஏ துண்டு இருக்கிறது, ஆனால் மரபணுவாக இல்லை!

எல்லாவற்றையும் விட சுவாரசியமானது வடதுருவக் காட் மீன் கதை. அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிரும். சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். இந்த மீனின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் பனித்துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. தென்துருவ மீன்களிடமும் ஏறக்குறைய இதே புரதம் உண்டு. ஆனால் அங்கே அது ஜீரண நொதி ஒன்றின் மரபணுவிலிருந்து வந்தது என்று 1997-ல் தெரிந்தது. காட் மீனுக்கு அந்தப் பூர்வீகம் இல்லை. 2019-ல் ஷுவான் ஜுவாங், கிறிஸ்டினா செங் குழுவினர் விடை சொன்னார்கள். புரதம் எதற்கும் குறிப்பாக இல்லாத ஒரு துண்டில் 9 எழுத்துக்கள் திரும்பத் திரும்பப் பிரதியாகின. மரபணுவை இயக்கும் 'சுவிட்ச்' பகுதி ஒன்று பக்கத்தில் வந்து சேர்ந்தது. கடைசியில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டதும், புரதத்தை ரத்தத்துக்கு அனுப்பும் 'முகவரி'யும் மீதியோடு வரிசையாகிவிட்டது.

ஜாக்கோப் கணக்கு எங்கே இடித்தது? சிக்கலான பெரிய புரதம் ஒரே மூச்சில் வரவேண்டும் என்று நினைத்தால் பூஜ்யம்தான். காட் மீனின் புரதமோ வெறும் 3 அமினோ அமிலங்களின் பல்லவி!

அதற்காகக் குப்பை எல்லாம் பொன் என்று கிளம்பிவிட வேண்டாம். பெரும்பகுதிக்கு வேலை எதுவும் இருப்பதாக இன்றும் தெரியவில்லை. புதிதாகப் பிறப்பவையும் பல சீக்கிரமே மறைந்து போகும். 2014-ல் லீ ஜாவ், பெகன் குழு பார்த்தபோது, ஒரே இனத்து ஈக்களில் சிலவற்றில் மட்டும் இப்படிப்பட்ட மரபணுக்கள் இயங்கிக் கொண்டிருந்தன, மற்றவற்றில் அதே இடம் சும்மா கிடந்தது.