மரத்தைத் தேடி வந்த வாள்

கப்பலூரில் ‘மில்’ என்றால் எல்லோருக்கும் பஞ்சாலைதான் நினைவுக்கு வரும். அதனால், நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு மில் வந்து இறங்கியிருக்கிறது என்ற செய்தி பரவியபோது பலருக்கும் குழப்பம். வந்தது மரம் அறுக்கும் மில். அதுவும் ஒரு மினி லாரியில், ஐந்து பெட்டிகளில். வாங்கியவர் பணி ஓய்வு பெற்றவர். திருமங்கலம் பக்கம் தம் தோட்டத்தில் காற்றுக்கு விழுந்து கிடக்கும் மரங்களை விறகுக்குத் தள்ளிவிடாமல் பலகையாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் எழுந்தன. “மரவாடி இருக்கும்போது இது எதற்கு?” என்பது ஒன்று. “வீட்டில் மர மில் வைக்கச் சட்டம் விடுமா?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை, நம் நாட்டில் மரம் அறுபட்ட வரலாற்றில் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழி அறுப்புக் காலம்

மரம் மில்லுக்குப் போனது அண்மைக்கால வழக்கம். அதற்கு முன், அறுக்கிற ஆட்கள்தான் மரத்தைத் தேடி வந்தார்கள். வீடு கட்ட நினைப்பவர் முதலில் தம் கொல்லையிலோ வயல் வரப்பிலோ நிற்கும் மரத்தைப் பார்ப்பார். மரத்தை வெட்டிச் சாய்த்து, பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, அதன் மேல் கட்டையை ஏற்றுவார்கள். கரி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டபின் ஒருவர் கட்டையின் மேல் நிற்பார்; மற்றவர் குழிக்குள் இறங்குவார். பெரிய ரம்பத்தின் இரு முனைகளையும் பிடித்து, மேலும் கீழுமாக இழுப்பார்கள். கோடு தவறாமல் பார்ப்பது மேலே நிற்பவர் பொறுப்பு. கண்ணிலும் வாயிலும் மரத்தூள் விழ இழுப்பது கீழே நிற்பவர் பாடு. குழி தோண்டத் தோதில்லாத இடத்தில், கவைக் கட்டைகளை நட்டு மரத்தைச் சாய்வாக ஏற்றி அறுப்பதும் உண்டு.

ரம்பத்துக்குத் தமிழில் ‘ஈர்வாள்’ என்றொரு பழைய பெயர் இருக்கிறது. ஈர்தல் என்றால் அறுத்தல். இந்த முறையில் கட்டை அசையாது, வாள்தான் நகரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த மரம் எதற்கு உதவும் என்ற அறிவும் அந்தந்த ஊரிலேயே இருந்தது. செக்குக்கு வாகை, வண்டிச் சக்கரத்துக்குக் கருவேல், நுகத்தடிக்கு மஞ்சணத்தி, கறிக்கட்டைக்குப் புளி, கூரைச் சட்டத்துக்கு வைரம் பாய்ந்த பனை, கதவு நிலைக்கு வேம்பு. இவை எல்லாம் நம் சமவெளியில் வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்கள்.

கப்பலும் ரயிலும்

மரத்தின் மீது அரசின் கண் பெரிதாக விழுந்தது கப்பலுக்காக. போர்க்கப்பல் கட்டத் தேக்கு வேண்டும் என்பதற்காக, கிழக்கிந்தியக் கம்பெனி 1806-இல் மலபார் காடுகளுக்கு கேப்டன் வாட்சன் என்பவரை வனப் பாதுகாவலராக நியமித்தது. 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடப்பட்டது. 1856-இல் டாக்டர் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனார். ஆனைமலையில் வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம்தான் இன்றைக்கு நாம் சுற்றுலா போகும் டாப்சிலிப்.

அடுத்து ரயில் வந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இலும், மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை வேண்டும். அந்தக் காலத்து எஞ்சினுக்கு விறகும் வேண்டும். 1882-இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டு, காடுகள் காப்புக் காடுகளாக எல்லை கட்டப்பட்டன. மறு ஆண்டு, 1883-இல், அந்தமானில் போர்ட் பிளேர் அருகே சாத்தம் தீவில் அரசு மர அறுவை ஆலை தொடங்கப்பட்டது. ஆசியாவின் பழைய, பெரிய மர ஆலைகளில் ஒன்று அது. இரண்டாம் உலகப் போரில் அங்கே குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் பார்க்கலாம். அந்தமானில் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

மரம் மில்லுக்குப் போனது

இத்தகைய ஆலைகளின் உயிர்நாடி பட்டை ரம்பம், அதாவது ‘பேண்ட் சா’. இரண்டு சக்கரங்களின் மேல் பெல்ட் போலச் சுற்றும் முடிவில்லாத பல் பட்டை அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் வில்லியம் நியூபெரி இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் அறுந்து போகாமல் இணைக்கும் வழி அப்போது இல்லை. 1846-இல் பிரான்சைச் சேர்ந்த கிரெபின் என்ற பெண்மணி அந்த வழியைக் கண்டுபிடித்த பிறகே பட்டை ரம்பம் தொழிலுக்குப் பயன்பட்டது.

நீராவி எஞ்சின் வைத்து ஓட்டப் பெரிய முதல் வேண்டும். நம் பக்கம் சிறிய ஊர்களிலும் மரம் அறுக்கும் மில்கள் பெருக வழி செய்தது மின்சாரம். பைகாரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் மின்சாரம் தரத் தொடங்கின. ஒரு மோட்டார், ஒரு பட்டை ரம்பம், ஒரு தகரக் கொட்டகை இருந்தால் போதும் என்ற நிலை வந்தது. குழி அறுப்பு ஆட்களுக்கு வேலை குறைந்தது.

இங்கேதான் முறை தலைகீழானது. வாள் ஓரிடத்தில் நிலையாக நிற்கும். கட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றி அதன் மேல் தள்ள வேண்டும். மரம் மில்லுக்குப் போக வேண்டும். போவதற்கு வண்டிக் கூலி, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி உண்டு. ஆகவே நீளமான, நேரான, பருத்த மரத்துக்கே அது கட்டுபடியாகும். ஒற்றை வேம்பு, கோணல் புளி, குட்டைக் கருவேல் எல்லாம் விறகுக் கணக்கில் சேர்ந்தன. பர்மாத் தேக்கும், பிறகு மலேசிய மரமும், கடைசியில் பிளைவுட்டும் நம் வீடுகளுக்குள் வந்தன. நம் தெரு மரம் எடை போட்டு விற்கும் பொருளாயிற்று.

தெரு மரத்தை மில்லில் சேர்க்காததற்கு இன்னொரு காரணம் ஆணி. விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஆணியை மரம் வளர்ந்து விழுங்கிவிடும். வெளியே தெரியாது. அறுக்கும்போது ரம்பத்தின் பல் அதில் பட்டால் பட்டையே வீணாகிவிடும். தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து. “ரோட்டு மரமா, வேண்டாம்” என்று மில்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்துச் சாலை என்று நாம் பெருமையாகச் சொல்லும் தென்திசைப் பாதையில் நின்ற புளிய மரங்கள், நான்குவழிச் சாலைக்காக வெட்டப்பட்டு ஏலத்தில் போயின. அவற்றில் எத்தனை மரம் ஒரு பெஞ்சாகவோ கதவாகவோ ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வாள் மறுபடி நடக்கிறது

பெரிய வேலைகளுக்காக மில்லையே கொண்டுபோய் நிறுத்துவது உலகில் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது, 1916-இல் உருவாக்கப்பட்ட கனடாவின் வனப் படைப்பிரிவு பிரிட்டனிலும் பிரான்சிலும் காட்டுக்குள்ளேயே மில் அமைத்து, போர்முனைக்கு மரம் அறுத்துக் கொடுத்தது. ஆனால் தனி மனிதர் வாங்கக்கூடிய சிறிய பட்டை ரம்ப மில் பரவியது 1980-களில்தான். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1982-இல் தொடங்கிய வுட்மைசர் நிறுவனம் இதில் முன்னோடிகளில் ஒன்று. இதில் கட்டை தண்டவாளத்தின் நடுவே அசையாமல் கிடக்கும். வாள் பொருத்திய தலைப்பகுதி அதன் மேல் நகர்ந்து போகும். குழி அறுப்பின் அதே முறை. இழுக்கும் ஆட்களின் இடத்தில் எஞ்சினோ மோட்டாரோ இருக்கிறது, அவ்வளவுதான்.

மெல்லிய பட்டையால் வரும் லாபத்தையும் கணக்குப் பார்க்கலாம். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும்; இந்தப் பட்டை சுமார் 2 மில்லிமீட்டர்தான். 30 சென்டிமீட்டர் கனமுள்ள சதுரக் கட்டையில் 25 மில்லிமீட்டர் பலகை எடுத்தால், முதல் முறையில் 9 கிடைக்கும். இரண்டாவதில் 11 கிடைக்கும்.

நம் குடியிருப்புக்கு வந்த ஐந்து பெட்டிகளிலும் இவைதான் இருந்தன: தண்டவாளத் துண்டுகள், நான்கு தூண்கள் கொண்ட தலைச்சட்டம், இரண்டு சக்கரங்கள், மோட்டார், சுருட்டி வைத்த பட்டைகள். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, பட்டியலை வைத்து நட்டு, போல்ட்டு வரை எண்ணிச் சரிபார்ப்பது. சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் ஸ்பேனரோடு வந்து உதவினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

போல்ட்டு முடுக்குவதைவிட மட்டம் பார்ப்பதில்தான் அதிக நேரம் போனது. தண்டவாளம் ஒரு பக்கம் சிறிது தாழ்ந்தாலும், பலகை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும். அதன் மேல் வைத்த மட்டம் ஒரு பருவம் தாங்காது. கான்கிரீட் கட்டை போட்டு, கொத்தனார் டியூப் மட்டம் வைத்துத் தண்ணீர் பார்த்து, பிறகு நூல் பிடித்துச் சரிசெய்தார்கள். அதன்பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்த்து, பட்டையை ஏற்றி, கையால் சுற்றி, அது சக்கரத்தை விட்டு நழுவாதபடி விறைப்பை வைத்தார்கள். மூடிகளை எல்லாம் மாட்டாமல் மோட்டாரைத் தொடவில்லை.

சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது?

இயந்திரம் தயார். ஆனாலும் அது இன்னும் ஓடவில்லை. காரணம் இரண்டாவது கேள்வி.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு இந்தியா முழுவதையும் உலுக்கியது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடக்கும் மர மில் உட்பட, காட்டுக்குத் தொடர்பில்லாத எல்லா வேலைகளும் நிற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மரம் வெட்டவும் தடை வந்தது. 2002 அக்டோபரில், மத்திய அதிகாரக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய மர மில்லுக்கு இடம் தரக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 2016-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், அனுமதி தரும் பொறுப்பை மாநில அளவிலான குழுக்களிடம் ஒப்படைத்தன.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் உள்ள காரணம் எளிது. மரத்தைப் பலகையாக்கிவிட்டால் அது எந்தக் காட்டில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. காட்டைக் காவல் காப்பதைவிட மில்லைக் காவல் காப்பது சுலபம். நடமாடும் மில் என்றால் கவலை இன்னும் கூடும்; அது மரத்தைத் தேடிப் போகும், அந்த மரம் காப்புக் காட்டிலும் நிற்கலாம். நமக்குத் தொந்தரவாகத் தெரியும் இந்த விதி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அரண். வைகைத் தண்ணீரை நம்பியிருக்கும் மதுரைக்காரர்கள் அதைக் குறை சொல்ல முடியாது. நம் அன்பர் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை மோட்டாருக்கு இணைப்புக் கொடுப்பதில்லை என்று முடிவு. அதுவே சரி.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. விழுந்த மரம் அங்கே செலவாகத்தான் கணக்கில் வந்தது. நம் பக்கம் சீமைக்கருவேல் இருக்கிறது. 1877-இல் சென்னை மாகாண வனத்துறை வழியாகக் கடப்பைக்கு வந்து, பின் தென்மாவட்டமெங்கும் பரவிய மரம். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. விறகும் கரியும் தவிர அதற்கு வேறு பயன் இல்லை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் வைரம் உறுதியானது. குட்டையும் கோணலுமாக இருப்பதால் பெரிய மில் அதை ஏற்பதில்லை, அவ்வளவுதான். காட்டு மரத்தின் மீதான ஆசையைக் குறைக்க வேண்டுமானால், காலடியில் கிடக்கும் இந்த மரத்துக்கு மதிப்பு வர வேண்டும். அனுமதி பெற்ற, கணக்கு வைக்கும் சிறிய மில்லால் அது முடியும்.

எனவே குடியிருப்போருக்கு மூன்று வேண்டுகோள்கள். தெரு மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், அடிக்க விடாதீர்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் யாரும் வெட்டினால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் சொந்த மனையில் மரம் விழுந்தால், துண்டு போட ஆள் கூப்பிடுமுன் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து, படம் எடுத்து அனுப்புங்கள். அறுத்த பலகை காய, அங்குல கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு, அவசரத்துக்கு ஆகாது.

குழி அறுப்பு வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்திலோ சொந்த ஊரிலோ இருந்தால் தெரிவியுங்கள். ரம்பத்துக்கு அரம் பிடித்த விதம், பேசிய கூலி, பயன்படுத்திய சொற்கள் ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு அடுத்த இதழில் வெளியிடுவோம்.